நூறாவது தண்டால்

உடற்பயிற்சி நடக்கும் இடத்தில் முதலில் காதில் விழுவது எண்ணிக்கை. பள்ளி மைதானத்தில் பி.டி. சார் விசிலுக்கு நடுவே எண்ணுகிறார். பிள்ளையார் சன்னிதியில் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடும் பாட்டி உதட்டுக்குள் எண்ணுகிறார். பூங்காவில் விடியற்காலையில் தண்டால் எடுக்கும் இளைஞனுக்காக அவனுடைய கைப்பேசி எண்ணுகிறது. இரும்பைத் தூக்குகிறவருக்கு எடை என்ற அளவு இருக்கிறது. இன்று 20 கிலோ, இரண்டு மாதம் கழித்து 25 என்று தன் வளர்ச்சியை அவர் பார்த்துக்கொள்ளலாம். தன் உடம்பையே தூக்குகிறவருக்கோ எடை மாறுவதில்லை. அதனால் எண்ணிக்கை ஏறுகிறது. 20 தண்டால் 50 ஆகிறது, 50 நூறாகிறது. இந்த ஏற்றத்தில் எங்கோ ஓரிடத்தில்தான் பலருக்கும் குறுக்கு பிடித்துக்கொள்கிறது.

எண்ணிக்கை மீதான பக்தி நமக்குப் பழையது. பனாரஸின் குஸ்திக் களங்களைப் பற்றி மானிடவியலாளர் ஜோசப் ஆல்ட்டர் 1992-இல் வெளியிட்ட ‘தி ரெஸ்ட்லர்ஸ் பாடி’ என்ற நூலைப் படித்தால், தண்டாலும் பஸ்கியும் அங்கே ஒரு விரதத்தின் இடத்தில் இருப்பது தெரியும். காமா பயில்வான் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் எடுத்தார் என்ற கதையைக் கேட்காமல் எந்தப் பழைய தேகப்பயிற்சிச் சாலையிலும் ஒருவர் வளர்ந்திருக்க முடியாது. அந்த ஆயிரங்கள் சிறுவயதில் தொடங்கி வருடக்கணக்கில் சேர்ந்தவை. பாலும் நெய்யும் எண்ணெய்த் தேய்ப்பும் பகல் உறக்கமும் குருவின் கண்ணும் அவற்றுக்குப் பின்னால் இருந்தன. நாம் அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டோம். நாற்காலியில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து எழுந்த உடம்பின் மீது அதைச் சுமத்துகிறோம்.

ஒருவர் தண்டால் எடுப்பதைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். எதிரில் நின்றால் கைகளும் மார்பும்தான் தெரியும். விஷயம் இடுப்பில் நடக்கிறது. சாதாரண புஷ்-அப் நிலையில் உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இறங்குகிறது. மார்பும் தோளும் மேற்கையின் பின்தசையும் அதைத் தள்ளுகின்றன. ஆனால் கைக்கும் கால்விரலுக்கும் இடையில் எதன் மீதும் சாயாமல் இருக்கும் இடுப்பைக் கீழே விழாமல் பிடித்திருப்பவை வயிற்றுத் தசைகளும் பிட்டத் தசைகளும். முதல் பத்து தண்டால்களில் தலை முதல் குதிகால் வரை உடல் ஒரே கோடாக ஏறி இறங்கும். பிறகு பலருக்கும் கைகளில் தெம்பு மிச்சமிருக்கும்போதே வயிறு களைத்துவிடுகிறது. கை களைத்தால் நடுங்கும், எரியும், சொல்லிவிடும். வயிறு களைத்தால் சத்தமே இருக்காது. இடுப்பு இரண்டு விரற்கடை இறங்கும், அவ்வளவுதான்.

அந்த இரண்டு விரற்கடையில்தான் சங்கதி இருக்கிறது. இடுப்பு இறங்கும்போது இடுப்பெலும்பு முன்பக்கம் சாய்கிறது, கீழ்முதுகின் குழி ஆழமாகிறது, முள்ளெலும்புகளின் பின்புறம் இருக்கும் சிறு மூட்டுகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. அடுத்து எழும்போது மார்பு முதலில் மேலே வருகிறது, இடுப்பு பின்னால் தொங்கிக்கொண்டே வருகிறது. எண்ணுகிறவருக்கு இந்தத் தண்டாலும் ஒன்றுதான், ஒழுங்காக எடுத்த முதல் தண்டாலும் ஒன்றுதான். முதுகுக்கு இரண்டும் வேறு வேறு.

நம் மரபுத் தண்டாலில் இன்னொரு நுட்பம் உண்டு. பிட்டத்தை உயர்த்தித் தொடங்கி, மார்பு தரையை உரசுவதுபோல் வந்து, தலையை நிமிர்த்தி முதுகை வளைத்து முடிப்பது. அந்த வளைவு தவறல்ல, அந்தப் பயிற்சியின் அழகே அதுதான். ஆனால் அது முதுகு முழுவதிலும் பரவ வேண்டிய வளைவு. பாதியை இடுப்பு மூட்டின் முன்பக்கம் கொடுக்க வேண்டும். பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பவருக்குத் தொடையின் மேல்பகுதி இறுகிக் கிடக்கும், அது கொடுக்காது. அது கொடுக்காததையும் சேர்த்துக் கீழே உள்ள இரண்டு மூன்று முள்ளெலும்புகள் கொடுக்க நேர்கிறது. இப்படிப்பட்டவர் முதலில் இடுப்பின் முன்பக்கத்தைத் தளர்த்த வேண்டும். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, அந்தப் பக்கத்துப் பிட்டத்தை இறுக்கி, உடலை மெல்ல முன்னே நகர்த்தினால் போதும். அதுவரை மரபுத் தண்டாலைச் சற்றுத் தள்ளிவைக்கலாம்.

தசைகளை எல்லாம் நீக்கிவிட்டுக் கீழ்முதுகின் எலும்புத் தொடரை மட்டும் நிறுத்திச் சோதித்தால், சுமார் 90 நியூட்டன் சுமையிலேயே, அதாவது ஒன்பது கிலோ எடையிலேயே அது வளைந்து சரிந்துவிடும். மனித முதுகு அவ்வளவு பலவீனமானதா என்று யாரும் பயப்பட வேண்டாம். மூட்டை சுமக்கிறவரின் முதுகும் அதே எலும்புகளால் ஆனதுதான். கழைக்கூத்தாடி நடும் மூங்கிலை நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய கயிறுகள் நிறுத்துவதுபோல, தசைகள் அதை நாலு புறமும் பிடித்து நிறுத்துகின்றன. அங்கே ஒரு கயிறு மட்டும் மிக வலுவாக இருப்பதால் பயனில்லை, எல்லாம் ஒரே நேரத்தில் இறுகியிருக்க வேண்டும். பயிற்சியில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளாமல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சேர்த்து இறுக்கச் சொல்வது இதனால்தான். இறுக்கம் மூச்சை அடைக்கக் கூடாது. இறுக்கியபடியே நாலு வார்த்தை பேச முடிகிற அளவு போதும். பிட்டத்தையும் சேர்த்து இறுக்கினால் இடுப்பெலும்பு தானாகவே சரியான நிலைக்குத் திரும்பிவிடும்.

இடுப்பு இறங்கத் தொடங்கிய பிறகும் தொடர வேண்டும் என்ற ஆசை இருந்தால் வழி இருக்கிறது. கைகளை உயரத்தில் ஊன்றுவது. 60 சென்டிமீட்டர் உயரமுள்ள மேடையில் கை வைத்தால் கைகளில் இறங்கும் சுமை உடல் எடையில் சுமார் 40 சதவீதமாகக் குறைகிறது. முழங்காலை ஊன்றினால் ஏறத்தாழ பாதி. சமையல் மேடை, கட்டில் விளிம்பு, சுவர் எல்லாம் இதற்கு உதவும். இளைஞர்கள் பலர் இதை வெட்கமாக நினைக்கிறார்கள். எனக்கு இதுதான் உடல் எடைப் பயிற்சியின் சாரமாகவே படுகிறது. எடை மாறாது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதை மாற்றுகிற சூட்சுமம் இந்தக் கோணத்தில் இருக்கிறது. கோணத்தை மாற்றத் தெரிந்தவர் எண்ணிக்கையை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை.

தண்டாலைவிட அதிகமாக என்னைக் கவலைப்பட வைப்பது சிட்-அப். தொப்பை குறைய வேண்டும் என்று தொடங்குகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். வயிற்றுத் தசைக்கு வேலை கொடுத்தால் அதன் மேல் படிந்த கொழுப்பு கரையும் என்பது நம்பிக்கை மட்டுமே. கொழுப்பு அப்படி இடம் பார்த்துக் கரைவதில்லை. ஒருவர் பாதத்தை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் தலைக்குப் பின்னால் விரல் கோத்து வேகமாக எழுந்து எழுந்து படுப்பார். பாதத்தைப் பிடித்துவிட்டாலே வேலை வயிற்றிலிருந்து தொடையை மடக்கும் தசைக்குப் போய்விடுகிறது. சோவாஸ் என்ற அந்தத் தசை கீழ்முதுகின் முள்ளெலும்புகளின் பக்கங்களில் தொடங்கித் தொடையெலும்பில் முடிகிறது. அது சுருங்கும்போது காலை மட்டுமல்ல, முதுகெலும்பையும் இழுக்கிறது.

முழங்காலை மடக்கிச் செய்தால் தொல்லை இல்லை என்று வெகுகாலம் சொல்லிக்கொடுத்தார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கிலும் அவருடைய மாணவரும் 1997-இல் அளந்து பார்த்தபோது, மடக்கினாலும் நீட்டினாலும் ஒரு சிட்-அப்பில் கீழ்முதுகில் ஏறும் அழுத்தம் ஏறத்தாழ 3300 நியூட்டனாக இருந்தது. கிட்டத்தட்ட 340 கிலோ எடைக்குச் சமம். சுமை தூக்கும் தொழிலாளர்களின் முதுகைக் காக்க அமெரிக்கத் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வைத்த வரம்பு சுமார் 3400 நியூட்டன். ஒரே ஒரு சிட்-அப் யாருடைய முதுகையும் கெடுத்துவிடாது. ஒவ்வொன்றும் அந்த வரம்பின் ஓரத்திலேயே நடக்கிறது என்பதும், அதை நாம் வேகமாக, களைத்த பிறகும், நூறு என்ற இலக்கோடு செய்கிறோம் என்பதும்தான் கவலை. அமெரிக்க ராணுவத்தில் 1980 முதல் உடல்தகுதித் தேர்வில் சிட்-அப் இருந்தது. இரண்டு நிமிடத்தில் எத்தனை முடியுமோ அத்தனை. எண்ணிக்கையையும் கடிகாரத்தையும் சேர்த்து முதுகின் மேல் ஏற்றியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. 2022-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த புதிய தேர்வில் சிட்-அப் இல்லை. அந்த இடத்தில் உடம்பை அசையாமல் நிறுத்தும் பிளாங்க் வந்தது.

மல்லாந்து படுத்து இரண்டு கால்களையும் நீட்டியபடி உயர்த்துவதிலும் அதே சோவாஸ்தான். கால் இறங்கும்போது கீழ்முதுகு தரையை விட்டு எழும்பினால் அந்த உயரம் உங்களுக்கு இன்னும் வரவில்லை என்று பொருள். முழங்காலை மடக்குங்கள், அல்லது ஒவ்வொரு காலாக இறக்குங்கள். குப்புறப் படுத்துக் கையையும் காலையும் ஒருசேரத் தூக்குவது முதுகுக்கு வலு தரும் என்று பலர் நம்புகிறார்கள். மெக்கிலின் கணக்கில் அது சிட்-அப்பைவிடவும் கூடுதலான அழுத்தத்தை, அதுவும் பின்னோக்கி வளைந்த முதுகின் மீது ஏற்றுகிறது.

அவர் மாற்றாகச் சொன்ன மூன்று பயிற்சிகள் பார்ப்பதற்குச் சாதாரணமானவை. ஒரு முழங்காலை மட்டும் மடக்கிப் படுத்து, முதுகுக் குழிக்குக் கீழே கைகளை வைத்துக்கொண்டு, தலையையும் தோளையும் சற்றே உயர்த்துவது. பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி நிற்பது. கையும் முழங்காலும் ஊன்றிய நிலையில் ஒரு கையையும் எதிர்ப்பக்கத்துக் காலையும் நீட்டுவது. எதையும் ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. என்னை மிகவும் கவர்ந்தது அவருடைய சுற்றுக் கணக்கு. முதல் சுற்றில் 6 என்றால் அடுத்ததில் 4, அதற்கடுத்ததில் 2. களைப்பு ஏற ஏற எண் இறங்குகிறது. நாம் பழகிய எல்லாப் பயிற்சி முறைகளும் கடைசிச் சுற்றில்தான் ‘இன்னும் அஞ்சு’ என்று கத்துகின்றன.

முதுகுக்கு வேண்டியது வலுவைவிடத் தாங்குதிறன் என்பதற்கு இன்னும் பழைய சான்று உண்டு. டென்மார்க்கின் ஃபின் பியரிங்-சோரன்சன் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், மேசையின் விளிம்பில் உடலின் மேல்பாதியை அந்தரத்தில் நீட்டி எவ்வளவு நேரம் அசையாமல் இருக்க முடிகிறது என்று பார்த்தார்கள். அதிக நேரம் தாங்கிய ஆண்களுக்கு அடுத்த ஓராண்டில் முதன்முறையாக முதுகுவலி வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது.

மெக்கிலின் முடிவுகளை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஜவ்வு பிதுங்கும் என்று அவருடைய ஆய்வகம் காட்டியது பன்றிகளின் கழுத்தெலும்புகளில். இறந்த திசு தன்னைச் சரிசெய்துகொள்ளாது. உயிருள்ள முதுகு சுமைக்கு ஏற்பத் தேறும். பிரெட் கான்ட்ரெராஸும் பிராட் ஷோன்ஃபெல்டும் 2011-இல் எழுதிய கட்டுரையில் இந்த எதிர்வாதத்தை விரிவாக வைத்தார்கள். இதில் நியாயம் இருக்கிறது. முதுகு வளையப் படைக்கப்பட்ட உறுப்பு. குனிந்து செருப்பு மாட்டவே அஞ்சுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அந்த அச்சம் வலியைவிடக் கொடியது.

அச்சத்தின் ஊற்று பெரும்பாலும் ஸ்கேன் அறிக்கை. ‘ஜவ்வு விலகியிருக்கு, இனிமே எதையும் தூக்காதீங்க’ என்ற ஒரு வாக்கியம் நாற்பது வயதுக்காரரை முதியவராக்கிவிடுகிறது. வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளிவந்த ஆய்வு, இருபது வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கும், எண்பது வயதில் 96 சதவீதம் பேருக்கும் ஜவ்வுத் தேய்மானம் தெரிவதாகச் சொன்னது. நரைமுடி போல அதுவும் வயதோடு வருவது. இன்னொரு பக்கம், 2016-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி முதுகுவலி வராமல் காப்பதில் உடற்பயிற்சிக்குத் தெளிவான பங்கு உண்டு. தனியே செய்தால் அபாயம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது, முதுகைப் பற்றிய அறிவையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் குறைகிறது. இடுப்புப் பட்டையும் செருப்புக்குள் வைக்கும் மெத்தையும் அப்படி உதவவில்லை. ஆகவே தண்டாலை விட்டுவிடுங்கள் என்று யாருக்கும் நான் சொல்லமாட்டேன். வளைவது வேறு, களைத்துப்போய் வளைந்துவிடுவது வேறு. நான் அஞ்சுவது இரண்டாவதை மட்டும்.

நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விடியற்காலையில் எழுந்ததும் பயிற்சி என்பது நம் ஊரில் கேள்வி கேட்கப்படாத ஒழுக்கம். வெயிலை நினைத்தால் நியாயமும்கூட. ஆனால் இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வுகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறோம். எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே அதில் பாதி இறங்கிவிடுகிறது. உப்பியிருக்கும் ஜவ்வு வளைவை எதிர்க்கும். மைக்கேல் ஆடம்ஸும் சகாக்களும் 1987-இல் கணக்கிட்டபடி, முன்னால் குனியும்போது ஜவ்வில் ஏற்படும் வளைவழுத்தம் மாலையைவிட அதிகாலையில் சுமார் 300 சதவீதம் கூடுதல். நாள்பட்ட முதுகுவலிக்காரர்களை அதிகாலையில் குனியாமல் இருக்கச் சொல்லிப் பழக்கியபோதே வலி குறைந்தது என்று ஸ்டோவர் ஸ்நூக் 1998-இல் காட்டினார். பாயிலிருந்து எழுந்து நேராகக் குனிந்து கால்விரலைத் தொடுவதும் சிட்-அப் போடுவதும் அந்த நேரத்துக்கு ஆகாது. முதலில் நடந்துவிட்டு வரலாம். பால் வாங்கப் போவதும் நடைதான். தண்டால், பிளாங்க் போன்ற முதுகு நேராக இருக்கும் பயிற்சிகளை முன்னால் வைத்து, குனிகிறவற்றைக் கடைசிக்குத் தள்ளலாம்.

இதை எழுதும்போதே வாசல் பெருக்கிக் கோலம் போடும் பெண்களின் நினைவு வருகிறது. எழுந்த பத்தாவது நிமிடம், முழங்காலை மடக்காமல், குனிந்தபடி நூறு புள்ளி. அதுவும் உடல் எடையைச் சுமக்கிற வேலைதான், யாரும் எண்ணாதது. அவர்களுடைய இடுப்பு வலிக்கு வயது, பிரசவம், வாயு என்று எத்தனையோ காரணம் சொல்கிறோம். நீளமான பிடி வைத்த துடைப்பம் வாங்கித் தருவது யாருக்கும் தோன்றுவதில்லை.

பஸ்கியிலும் தோப்புக்கரணத்திலும் தொல்லை அடியாழத்தில் வருகிறது. குந்தியிருந்து பழகாத உடம்பில் கணுக்கால் மடங்க மறுக்கும். அது மறுக்கும் அளவுக்குப் பிட்டம் உள்ளே சுருண்டு கீழ்முதுகு கூன்போடும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூன் தொடங்கும் இடம்வரை மட்டும் இறங்கி நிற்கப் பழகினால் சில மாதங்களில் ஆழம் தானே கூடும். அடியில் போய்த் துள்ளி எழுவதை அறவே விட்டுவிட வேண்டும். நாற்று நடும் பெண்கள் முதுகை நீட்டி இடுப்பு மூட்டில் மடிவதை உதாரணமாகக் காட்டுகிறவர்கள் உண்டு. மடிவது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மணிக்கணக்கில் அப்படியே நின்று அவர்களும் குறுக்கு வலியோடுதான் வீடு திரும்புகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒருநாள் பிடித்துக்கொள்ளலாம். அப்போது படுக்கை மருந்தல்ல. ஹெல்சிங்கியில் மாநகராட்சி ஊழியர்களிடம் நடத்தி 1995-இல் வெளியிட்ட ஆய்வில், படுத்து ஓய்வெடுத்தவர்களைவிட வலி தாங்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைப் பார்த்தவர்களே விரைவில் தேறினார்கள். இரண்டு பக்கமும் பரவலாக, தொட்டால் நோகிற வலி தசையின் களைப்பு. இரண்டு மூன்று நாளில் போய்விடும். முழங்காலுக்குக் கீழே ஓடும் வலி, மரத்துப்போதல், பாதத்தைத் தூக்க முடியாமை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனை. சுளுக்கு வழிப்பவரிடம் போய்விட்டு வரலாம் என்று அந்த நாளை இழக்கக் கூடாது.

பள்ளிக்கூடத்தை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பதினேழாம் பிரிவில் குழந்தைகளுக்கு உடல் தண்டனை தருவதைத் தடை செய்திருக்கிறது. ஆனாலும் தாமதமாக வந்தவனுக்கு ‘அம்பது தோப்புக்கரணம்’ என்று சொல்வதைத் தண்டனையாகவே நினைக்காதவர்கள் இருக்கிறார்கள். பயிற்சிக்கும் தண்டனைக்கும் வேறுபாடு ஒன்றே. பயிற்சியில் இடுப்பு இறங்கும்போது நிறுத்திக்கொள்ளலாம், தண்டனையில் எண் முடியும்வரை நிறுத்த முடியாது. அப்படித்தான் பெரும்பாலான பிள்ளைகள் தண்டாலையும் பஸ்கியையும் முதன்முதலில் சந்திக்கிறார்கள். வளர்ந்து தங்கள் விருப்பத்தில் பயிற்சி செய்யும்போதும் அந்த எண் உள்ளே இருந்து அதட்டுகிறது. உடற்கல்வி ஆசிரியர்கள் முன்னால் நின்று எண்ணுவதை விட்டுப் பக்கவாட்டில் நின்று பார்க்கத் தொடங்கலாம். ஒழுங்காக ஆறு எடுத்து, ஏழாவதில் இடுப்பு தொய்வதைத் தானே உணர்ந்து நிறுத்திய பிள்ளையை ‘சரியா நிறுத்தினே’ என்று பாராட்டி அந்த ஆறையே அவனுடைய மதிப்பெண்ணாகப் பதிவேட்டில் எழுதலாம்.